முகங்களும் மணிமுடியும்
'பொன்னியின் செல்வன்' திரைவடிவம் குறித்த விவாதங்களை முன்வைத்து

மக்கள் பெரிதும் விரும்பிப் படித்த நூலொன்று திரைவடிவம் பெறும்போது இரண்டு வினாக்கள் எழுவது இயல்பு. இன்ன பாத்திரத்துக்கு இன்ன நடிகர் பொருந்துவாரா என்பது ஒன்று. இயக்குநர் மூலநூலுக்கு உண்மையாக நடந்துகொண்டாரா என்பது மற்றொன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022 செப்டம்பர் 30இலும் 2023 ஏப்ரல் 28இலும் இரு பாகங்களாக வெளிவந்தபோது, இவ்விரு வினாக்களும் தமிழ்நாட்டின் ஊர்தோறும் விவாதிக்கப்பட்டன. முதல் வினாவைப் பற்றிப் பேசியோர் பலர். இரண்டாம் வினாவை அதற்குரிய ஆழத்தோடு அணுகியோர் மிகச் சிலரே. அந்தக் குறையை ஓரளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரபு இலக்கியம் கற்பிப்பவர்கள் திரைப்படத்தைப் பற்றி எழுத முற்படுவது ஏன் என இவ்விதழின் வாசகருள் சிலர் வினவக்கூடும். நாம் திரைக்கலையின் நுட்பங்களை ஆராயப் புகவில்லை. ஒரு கதை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்குப் பெயரும்போது எது நிலைக்கிறது, எது மாறுகிறது, மாறியதற்கு யார் பொறுப்பு என்பன அரபு இலக்கியத் திறனாய்வு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிந்தித்து வரும் வினாக்களாகும். அவ்வகையில் இவ்விவாதம் நமக்கும் உரியதே.

இரண்டாம் பாகம் வெளியாகிச் சில வாரங்கள் கழிந்த ஒரு மாலையில், பல்லடத்தில் நாம் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில் இளைஞர் சிலர் இதே வாதத்தில் ஆழ்ந்திருந்தனர். வந்தியத்தேவனுக்குக் கார்த்தி பொருத்தமா, நந்தினிக்குத் தமிழ் பேசிப் பழகிய நடிகை கிடைக்கவில்லையா, வானதிக்கு ஏன் அத்தனை சிறிய இடம் என்றவாறு பேச்சு நீண்டது. அருகில் எழுபது வயதைக் கடந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவர் அமர்ந்திருந்தார். 'கல்கி' இதழில் இந்நாவல் மறுதொடராக வந்த காலத்தில் வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தாமே தைத்த தொகுதிகளை இன்றளவும் பாதுகாத்து வருபவர். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நம் பக்கம் திரும்பி அவர் கேட்டார்: "கடைசியா அந்தப் புள்ள மணிமேகலை சாகறதுதானுங்களே கதை? அவளையே காணமுங்களே, ஹஜ்ரத்!"

அங்கு எழுந்த வினாக்களுள் இதுவே தலையாயது என நமக்குத் தோன்றியது. அதற்குரிய விடையை அன்று நம்மால் சொல்ல இயலவில்லை.

காத்திருப்பு வளர்த்த உரிமை

இந்நாவல் 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். தொடர் முடிந்த அதே ஆண்டின் டிசம்பரில் அதன் ஆசிரியர் மறைந்தார்.

நான்கே ஆண்டுகளில், 1958இல், எம்.ஜி.ஆர். இதனைத் திரைப்படமாக்கப்போவதாக அறிவித்தார். வைஜயந்திமாலா, ஜெமினி கணேசன், பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, நம்பியார் ஆகியோரின் பெயர்கள் நடிகர் பட்டியலில் இடம்பெற்றன. பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரன், அப்போது இளைஞராக இருந்த நிலையில், அவருக்காகத் திரைக்கதை எழுதினார். விபத்தும் தாமதமும் குறுக்கிட்டுப் படம் கைவிடப்பட்டது. 1980களின் இறுதியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் இதனை மீண்டும் சிந்தித்தனர். 2010-11 காலப்பகுதியில் மணிரத்னம் மறுபடியும் முனைந்தபோது விஜய், மகேஷ் பாபு ஆகியோரின் பெயர்கள் பேசப்பட்டன. அதுவும் நிறைவேறவில்லை. இதற்கிடையே 1999இல் 'மேஜிக் லேண்டர்ன்' குழுவினர், குமரவேல் எழுதிய நாடக வடிவத்தைச் சென்னையில் மேடையேற்றினர். அதே குமரவேல் பின்னர் மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் திரைக்கதையிலும் பங்கேற்றார். இறுதியில் 2019இன் பிற்பகுதியில்தான் படப்பிடிப்புத் தொடங்கியது.

முதல் அறிவிப்புக்கும் முதல் பாகத்தின் வெளியீட்டுக்கும் இடையே 64 ஆண்டுகள் கழிந்தன. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து நடிகர்களைக் கொண்டு ஒரு பட்டியலை எழுதியது. தந்தையின் பட்டியலில் வந்தியத்தேவனாக எம்.ஜி.ஆரும், மகனின் பட்டியலில் கமலும், பேரனின் பட்டியலில் விஜய்யும் இருந்திருப்பர். நூலைப் படித்தோர் அனைவரும் தத்தம் உள்ளத்தில் இப்படத்தை ஒருமுறையேனும் இயக்கிவிட்டனர் எனலாம். ஆகவே வெளிவந்த படத்தை அவர்கள் கண்டது பார்வையாளராக மட்டுமன்று. தம் சொந்தப் படத்தோடு அதனை ஒப்பிட்டுக் குறைகாணும் போட்டி இயக்குநராகவும் அவர்கள் திரையரங்கில் அமர்ந்தனர். விவாதத்தில் வெளிப்பட்ட கடுமைக்கு இதுவே முதற்காரணம்.

நூலின் மீது வாசகருக்குள்ள இவ்வுரிமை புதியதும் அன்று. தொடர் நிறைவுற்றபோது, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் எனக் கேட்டு வாசகர்கள் எழுதினர். கல்கி தம் முடிவுரையில் அவ்வினாக்களுக்கு ஒவ்வொன்றாக விடையளித்துள்ளார். வாதிடும் வாசகர் இந்நாவலின் பிறப்பிலிருந்தே அதன் உடன்பிறப்பாக இருந்து வருகின்றனர்.

உள்ளத்து முகம் யார் வரைந்தது?

"என் மனத்தில் இருந்த குந்தவை இவள் அல்லள்" என்று ஒருவர் கூறும்போது, அந்த மனத்து முகம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்க வேண்டும். பலரும் அதனைக் கல்கியின் எழுத்திலிருந்து நேராகப் பெற்றதாகக் கருதுகின்றனர். உண்மை அவ்வாறன்று. தொடருக்கு வாரந்தோறும் படம் வரைந்தவர் ஓவியர் மணியம். கொண்டையின் அமைப்பு, ஆரத்தின் வரிசை, வாளின் வளைவு, குதிரையின் பாய்ச்சல் என வாசகர் நினைவில் நிற்பவற்றுள் பெரும்பகுதி அவரது தூரிகையின் கொடை. மறுதொடராக வந்த காலங்களில் பத்மவாசன் முதலிய ஓவியர்கள் வேறு முகங்களைத் தந்தனர். எந்த ஆண்டில் தொடரைப் படித்தார் என்பதைப் பொறுத்து ஒருவருடைய அருள்மொழிவர்மரின் முகமே மாறுபடும். எனவே நடிகர் தேர்வு பற்றிய சண்டையில் பெரும்பாலும் ஓர் ஓவியம் இன்னோர் ஓவியத்தோடு மோதுகிறது. மூலநூல் அங்கு சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

இதற்கு நமது கொங்கு மண்ணிலேயே தெளிவான சான்று உண்டு. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலைக் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் திரைப்படமாக்கினார். உரையாடல் மு. கருணாநிதி. 'பொன்னியின் செல்வன்' தொடர் நிறைவுற்ற ஆண்டும் அதுவே. தமிழில் கள்ளனாக எம்.ஜி.ஆர். நடித்தார். அதே கதை தெலுங்கில் என்.டி. ராமராவுக்கும் இந்தியில் திலீப் குமாருக்கும் உரியதாயிற்று. மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் வேறு வேறு நடிகர்களைக் கொண்டு வெளிவந்தது. ஒரு கொங்குக் கவிஞரின் கற்பனையில் பிறந்த ஒரு கள்ளனுக்கு ஆறு மொழிகளில் ஆறு முகங்கள்! அந்தந்த மொழியினர் தமக்குக் கிடைத்த முகத்தையே கள்ளனின் முகமாக ஏற்றுக்கொண்டனர். ஒரு பாத்திரம் ஒரே முகத்துக்குக் கட்டுப்பட்டதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதனால் நடிகர் தேர்வு பொருளற்ற விஷயம் என நாம் கூற வரவில்லை. தேர்வு சில இடங்களில் கதையின் உட்பொருளையே தொடுகிறது. நந்தினி, ஊமை ராணி மந்தாகினி ஆகிய இருவராகவும் ஐஸ்வர்யா ராய் நடித்திருப்பது அத்தகைய இடம். நாவலில் இவ்விருவரின் உருவ ஒற்றுமை வெறும் வியப்புக்காக வைக்கப்பட்டதன்று. மந்தாகினியின் ஆவியைப் போல் வேடமிட்டு வரும் நந்தினியைக் கண்டு சுந்தர சோழர் நடுங்குவது அந்த ஒற்றுமையால்தான். அவருடைய பழைய குற்ற உணர்வு உயிர்பெற்று எழுவதும் அதனால்தான். இருவருக்கும் ஒரே முகத்தைத் தந்தது நூலை உணர்ந்து செய்த தேர்வு. நடிகையின் மொழி பற்றியும் வயது பற்றியும் பேசியோர் இதனைக் கவனித்திருக்கலாம்.

அவ்வாறே பெரிய பழுவேட்டரையர். அறுபத்து நான்கு விழுப்புண்களைத் தாங்கிய முதிய வீரர், இளம்பெண் ஒருத்தியின் மீது கொண்ட மோகத்தால் அறிவிழப்பதே அப்பாத்திரத்தின் அவலம். உடல் வலிமையும் முதுமையும் ஒருங்கே தோன்றாவிடில் அந்த அவலம் நகைப்புக்கு இடமாகிவிடும். சரத்குமாரிடம் இரண்டும் இருந்தன. இவ்வாறு, பாத்திரம் கதையில் ஆற்றும் வினைக்கு நடிகர் உதவுகிறாரா என்று கேட்பதே தேர்வைப் பற்றிக் கேட்கத்தக்க வினா. நமது கற்பனைக்கு ஒத்திருக்கிறாரா என்பது அவரவர் விருப்பம். அதனை அளவுகோலாகக் கொள்ள இயலாது.

அரபு மரபு தரும் அளவுகோல்

இனி இயக்கத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். மாற்றம் அனைத்தும் துரோகம் என்போர் ஒருபுறம். திரைப்படம் தனிக்கலை, மூலநூலோடு அதனை ஒப்பிடலாகாது என்போர் மறுபுறம். இவ்விரு முனைகளுக்கும் இடையே ஒரு வழி உண்டு.

9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் மொழிபெயர்ப்பாளருக்குரிய தகுதிகளை விரிவாக ஆராய்கிறார். இரு மொழிகளையும் நிகராக அறிந்திருத்தல் வேண்டும், எடுத்துக்கொண்ட பொருளிலும் மூல ஆசிரியருக்கு ஈடான அறிவு வேண்டும் என்பது அவர் விதிக்கும் நிபந்தனை. கவிதையோ மொழிபெயர்க்கப்பட்டால் அதன் கட்டு குலைந்து, யாப்பு அழிந்து, அழகு நீங்கிவிடும் என்பது அவரது முடிவு. வடிவத்தோடு ஒட்டிப் பிறந்த அழகு, வடிவம் மாறும்போது உடன்வராது என்ற உண்மையை அவர் உணர்த்துகிறார். எதனை மாற்றலாம், எதனை மாற்றினால் அழியும் என்று பகுத்தறிவதே பெயர்ப்பவனின் முதற்கடன் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அவருக்கும் ஒரு நூற்றாண்டு முந்தியவர் இப்னுல் முகஃப்ஃபஉ. பஞ்சதந்திரக் கதைகள் வடமொழியிலிருந்து பஹ்லவி மொழிக்குச் சென்று, அங்கிருந்து அவரால் 'கலீலா வ திம்னா' என அரபு வடிவம் பெற்றன. வடமொழியின் முதல் தந்திரத்தில் தமனகன் என்னும் நரி சூழ்ச்சியால் சிங்கத்துக்கும் எருதுக்கும் பகைமூட்டி, எருதைக் கொல்லச் செய்து, தான் தண்டனையின்றித் தப்பி அமைச்சனாகவே நீடிக்கிறது. அரபு நூலிலோ அக்கதையை அடுத்துத் திம்னாவின் வழக்கு விசாரணை ஒரு தனி அத்தியாயமாக வருகிறது. சூழ்ச்சிக்கார நரி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு இறுதியில் தண்டிக்கப்படுகிறது. இந்த அத்தியாயம் இப்னுல் முகஃப்ஃபஉ தாமே சேர்த்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

எழுத்தளவில் நோக்கினால் இது மூலத்தை மீறிய செயல். எனினும் அரபு வாசகர் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. காரணம் வெளிப்படை. குற்றமற்ற ஒருவனின் கொலைக்குக் காரணமானவன் வெற்றியோடு வாழ்வதாகக் கதையை முடிக்க அவர் மனம் ஒப்பவில்லை. அம்மனநிலைக்கு ஏற்ப ஒரு விசாரணையை முழுமையாக எழுதி, வாதங்களையும் எதிர்வாதங்களையும் அடுக்கி, தண்டனையை அதன் விளைவாக்கினார். தாம் மாற்றியதற்கு உரிய விலையை எழுத்தில் செலுத்தினார்.

நீக்கம் பற்றியும் இதுபோன்ற ஒரு தெளிவு மேனாட்டில் கிடைக்கிறது. எம்.ஜி.ஆர். தம் படத்தை அறிவித்த அதே 1958இல், ஆங்கிலக் கற்பனை நாவலாசிரியர் டோல்கீன், தம் 'மோதிரங்களின் தலைவன்' நூலுக்கு ஒருவர் எழுதிய திரைக்கதைச் சுருக்கத்தைப் படித்து நீண்ட மறுப்புரை எழுதினார். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் போதிய இடம் தர இயலாவிடில் இரண்டையும் குறுக்கிச் சிதைப்பதினும், கதையின் நடுப்பொருளுக்குத் தொலைவான ஒன்றை முழுவதுமாக நீக்கிவிடுவதே நன்று என்பது அதில் அவர் கொண்ட நிலை. தம் நூலின் ஒவ்வோர் எழுத்திலும் பற்றுக்கொண்டவரே நீக்கத்தை அனுமதித்தார் என்பது நோக்கத்தக்கது.

ஆக நமக்கு இரு அளவுகோல்கள் கிடைக்கின்றன. மாற்றியவர் அம்மாற்றத்தை நிலைநிறுத்தும் அளவுக்கு உழைத்தாரா? நீக்கியவர் நடுப்பொருளைத் தொடாமல் நீக்கினாரா? இவற்றைக் கொண்டு படத்தை அணுகுவோம்.

மணிமுடி யாருக்கு?

நாவலின் ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி இட்ட பெயர் 'தியாக சிகரம்'. முடிசூட வேண்டிய அருள்மொழிவர்மர், கூடியிருந்தோர் வியக்க, அம்முடியை இன்னொருவர் தலையில் சூட்டுவதே அச்சிகரம். அந்த இன்னொருவர் யார் என்பதில்தான் நூலும் படமும் பிரிகின்றன.

நூலில் அவர் சேந்தன் அமுதன். தஞ்சையில் நந்தவனம் அமைத்து, இறைவனுக்கு மலர் தொடுத்து வாழ்ந்த எளியவன், படகோட்டி பூங்குழலியை விரும்பியவன். செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த உண்மையான மதுராந்தகன் அவனே என்பதும், அரியணைக்கு ஆசைப்பட்டு அலைந்த மதுராந்தகர் வேறொருவரின் மகன் என்பதும் கதையின் கடைசிப் பகுதியில் வெளிப்படுகின்றன. அரசை விரும்பாத ஒருவனுக்கு, அரசை விரும்பாத இன்னொருவன் முடியை அளிக்கிறான். ஆசைப்பட்டவன் வெறுங்கையோடு வெளியேறுகிறான்.

படத்திலோ குழந்தைகள் மாறிய இக்கதை முற்றிலும் இல்லை. ரகுமான் நடித்த மதுராந்தகரே, பழுவேட்டரையரின் சதிக்கூட்டத்தில் அரியணைக்காக அமர்ந்திருந்த அதே மதுராந்தகரே, இறுதியில் முடியைப் பெறுகிறார். அன்று ஜெயம் ரவி என்ற பெயரில் நடித்த ரவி மோகனின் அருள்மொழி, ஆசைப்பட்டவருக்கே அதனை அளிக்கிறார்.

இரசிகர் பலர் இதனைக் கதைச் சுருக்கமாக மட்டுமே கண்டனர். சேந்தன் அமுதனாக நடித்த அஸ்வினுக்குக் காட்சிகள் குறைந்துவிட்டன என வருந்தியோரும் உண்டு. நிகழ்ந்ததோ அதனினும் பெரிது. தியாகத்தின் இலக்கணமே மாறியிருக்கிறது. தகுதியுள்ள எளியவனுக்கு விட்டுக்கொடுப்பது ஒருவகை அறம். தகுதி ஐயத்துக்குரிய ஒருவனுக்கு, நாட்டின் ஒற்றுமையைக் கருதி விட்டுக்கொடுப்பது இன்னொரு வகை. முன்னது மனத்துக்கு இனியது. பின்னது கடினமானது, அரசியல் முதிர்ச்சியை வேண்டுவது.

இங்கு வரலாற்றையும் நாம் கேட்க வேண்டும். முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ஆதித்தனின் மறைவுக்குப் பின் மக்கள் அருள்மொழிவர்மனை அரசேற்க வேண்டியதாகவும், தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும் வரை தான் அதனை மனத்தாலும் விரும்பேன் என அவன் ஒதுங்கியதாகவும் கூறுகின்றன. உத்தம சோழன் ஆண்டு மறைந்த பின்னர் 985இல்தான் இராசராசன் அரியணை ஏறினான். செப்பேடு காட்டும் உத்தமன் நாட்டை விரும்பியவன். அவ்விருப்பத்துக்குத்தான் அருள்மொழி வழிவிட்டான். ஆசைப்பட்டவருக்கு முடி சென்றதை ஏற்க மனமின்றிக் கல்கி ஒரு சேந்தன் அமுதனைப் படைத்தார் என்பது நமது ஊகம். நரி தப்புவதை ஏற்க மனமின்றி இப்னுல் முகஃப்ஃபஉ ஒரு விசாரணையைப் படைத்ததற்கு இது இணையானது.

இவ்வாறு நோக்கும்போது ஒரு வியப்பான உண்மை புலப்படுகிறது. கல்கியிடமிருந்து விலகிய இடத்தில் படம் செப்பேட்டை நெருங்கியுள்ளது. மூலத்துக்கு உண்மையாக இல்லை என்று முழங்கியோர், எந்த மூலம் என்று கேட்டிருந்தால் இங்கு வந்து சேர்ந்திருப்பர். கல்கியும் ஒருவகையில் பெயர்ப்பாளரே. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கிடந்த சில வரிகளைத் தம் காலத்து வாசகருக்காகக் கதையாக்கியவர் அவர்.

அவ்வாறாயின் படத்தை நாம் குறைகூற இடமில்லையா? உண்டு. முதல் அளவுகோலை இங்கே கொணர்வோம். ஆசைப்பட்டவருக்கு முடியளிப்பது கடினமான அறம் என்றோம். அதனைப் பார்வையாளர் ஏற்க வேண்டுமாயின், மதுராந்தகரின் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றத்தையும், அருள்மொழி தமக்குள் நடத்திய போராட்டத்தையும் படம் பொறுமையோடு காட்டியிருக்க வேண்டும். இரு பாகங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடுகின்றன. இறுதிப்பகுதியின் நேரத்தைப் பெரும்போர் ஒன்று எடுத்துக்கொள்கிறது. முடிசூட்டு அவசரமாக நடந்தேறுகிறது. இப்னுல் முகஃப்ஃபஉ செலுத்திய விலையை மணிரத்னம் செலுத்தவில்லை. மாற்றியதை நாம் குற்றமாகக் கருதவில்லை. மாற்றிய இடத்தில் தங்கி உழைக்காமல் கடந்து சென்றதே குறை.

காணாமற்போன பெண்

இப்போது தறித்தொழிலாளியின் வினாவுக்கு வருவோம். கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் இல்லை. கதையின் ஓட்டத்துக்கு அவள் இன்றியமையாதவளா எனக் கேட்டால், இல்லை என்றே பலரும் சொல்வர். அவளை நீக்கியும் ஆதித்த கரிகாலன் கொலையுறுகிறான், அருள்மொழி முடியைத் துறக்கிறார், வந்தியத்தேவன் வீரனாகவே நிற்கிறான். டோல்கீன் அனுமதித்த நீக்கம் இதுவே என வாதிடவும் இடமுண்டு.

ஆயினும் நாவலை எங்கே முடிப்பது என்பதில் கல்கி எடுத்த முடிவை நினைவுகூர வேண்டும். முடிசூட்டு விழாவின் ஆரவாரத்தோடு நூல் நிறைவுறவில்லை. வந்தியத்தேவன் மீது கொண்ட அன்பு கைகூடாமல், சித்தம் கலங்கி, இறுதியில் அவன் மடியில் உயிர்விடும் மணிமேகலையோடுதான் நிறைவுறுகிறது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் அரசர்களின் சூழ்ச்சியையும் போரையும் சொல்லிவந்தவர், கடைசிச் சொல்லை அரசியலில் எவ்விதப் பங்கும் இல்லாத ஒரு பெண்ணுக்குத் தந்தார். துறப்பதற்கு அருள்மொழியிடம் மணிமுடி இருந்தது. துறந்ததால் அவருக்குப் புகழ் வந்தது. மணிமேகலையிடம் துறப்பதற்கு அவளுடைய உயிரன்றி வேறொன்றும் இல்லை. அவளுக்குப் புகழும் இல்லை. 'தியாக சிகரம்' என்ற தலைப்பு அவளையும் சுட்டுகிறது என்றே நாம் வாசிக்கிறோம். பெரியோரின் தியாகத்துக்கு அடியில் சிறியோரின் இழப்பு கிடக்கிறது என்பதை நூல் தன் இறுதி மூச்சில் சொல்கிறது.

எனவே இந்நீக்கம் இரண்டாம் அளவுகோலில் தேறவில்லை. கதை ஓட்டத்துக்குத் தொலைவில் நின்ற பாத்திரம், கதைப் பொருளுக்கு மிக அருகில் நின்றது. இதனைப் பிரித்தறிவதுதான் அல்ஜாஹிழ் வேண்டிய அறிவு.

நூலின் தொடக்கத்திலும் இதே வேறுபாடு காணப்படுகிறது. கல்கி ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் முகமறியா இளைஞன் ஒருவனோடு தொடங்குகிறார். சோழநாட்டை நாம் முதலில் காண்பது அரண்மனையிலிருந்து அன்று. திருவிழாக் கூட்டத்தின் நடுவிலிருந்தே காண்கிறோம். வாசகரை விளித்துக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் கதைசொல்லியும் உடன் வருகிறார். படம் கமல்ஹாசனின் முன்னுரைக் குரலுக்குப் பின் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. விக்ரமின் நடிப்பும் ரவிவர்மனின் ஒளிப்பதிவும் அக்காட்சிக்கு ஆற்றல் தருகின்றன. முதல் பாகத்தின் ஒளிப்பதிவுக்கும் ஏ.ஆர். ரகுமானின் பின்னணி இசைக்கும் தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டது தகுதியானதே. ஆயினும் தொடக்கம் அரசகுமாரனிடமும் முடிவு முடிசூட்டிலும் அமைந்தமையால், படம் அரசர்களின் கதையாகிவிட்டது. கல்கி எழுதியது அரசர்களைச் சுற்றி வாழ்ந்தோரின் கதையும் ஆகும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தக்க நடிகரைத் தேடிய படம், ஏரிக்கரையிலிருந்து நம்மை அழைத்துச் சென்ற அந்தக் கதைசொல்லிக்கு முன்னுரையளவிலேயே இடம் தந்தது. இரசிகர்களின் பட்டியல்களிலும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

நிறைவாக

இப்படம் பல்லாயிரம் இளைஞரை ஒரு பழைய நூலை நோக்கித் திருப்பியது. நம் மாணவரிடையேயும் அதனைக் கண்டோம். அதற்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். விவாதங்களையும் நாம் வீணென ஒதுக்கவில்லை. ஒரு சமூகம் ஒரு நூலின் பாத்திரங்களுக்காக இத்தனை கடுமையாக வாதிடுவது அந்நூல் உயிரோடு இருப்பதன் அடையாளம். வாதம் முகத்தோடு நின்றுவிடக்கூடாது என்பதே நமது வேண்டுகோள். முகங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நாளை வேறொருவர் இக்கதையை வேறு நடிகர்களோடு எடுக்கக்கூடும். முடியை யார் பெற்றார், விலையை யார் கொடுத்தார் என்ற வினாக்கள் அப்போதும் எஞ்சி நிற்கும்.

சில நாள்களுக்குப் பின் அப்பெரியவரைத் தறிக்கூடத்தின் வாயிலில் சந்தித்து, இங்கு எழுதியவற்றின் சுருக்கத்தைச் சொன்னோம். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டு முடித்தபின் அவர் சொன்னார்: "பாவுல ஒரு இழை அறுந்தாத் தறி நிக்காதுங்க, ஹஜ்ரத். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும். துணியை விரிச்சுப் பார்க்கறப்பத்தான் கோடு தெரியுமுங்க."

படம் தடையின்றி ஓடியது, நன்றாகவே ஓடியது. கோடு எங்கே விழுந்தது என்பதை முகங்களைக் கடந்து துணியை விரித்துப் பார்த்தவர் ஒரு தறித்தொழிலாளி.